வாசகர் கேள்வி – பதில்: மேசைப் படைகளின் ஏறும் விலை

சிறு உருவங்களைப் படையாக அணிவகுத்து மேசைமீது விளையாடும் போர்விளையாட்டுகளைப் பற்றியும், அவற்றுக்கு ஆகும் செலவு ஆண்டுக்கு ஆண்டு ஏறிவருவதைப் பற்றியும், இங்கிலாந்திலும் கனடாவிலும் வாழும் வாசகர்களிடமிருந்தும் தமிழ்நாட்டில் இப்பொழுதுபோக்கில் இறங்கியுள்ள சிலரிடமிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. ஒன்றுக்கு எழுதும் பதில் மற்றொன்றுக்கும் பயன்படும் என்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: பதினைந்து வயதாகும் எங்கள் மகன் ‘வார்ஹேமர் 40,000’ விளையாடுகிறான். பிறந்தநாள், தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று எது வந்தாலும் அந்தப் பெட்டியைத்தான் கேட்கிறான். பத்து உருவங்கள் கொண்ட பெட்டி 40 பவுண்டை ஒட்டி விற்கிறது. இத்தனை வாங்கிக் கொடுத்த பிறகும் “படை பாதிகூட ஆகவில்லை” என்கிறான். விலை அநியாயமாக ஏறிவிட்டதா, அல்லது எங்களுக்குத்தான் கணக்குப் புரியவில்லையா?
— ஒரு தாய், லெஸ்டர், இங்கிலாந்து

பதில்: அம்மா, தங்கள் மகன் சொல்வது உண்மை, தங்கள் கவலையும் நியாயமானது. விலை ஏறியிருக்கிறது. ஆனால் செலவு பெருகியதற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஒரு படைக்கு எத்தனை உருவங்கள் வேண்டும் என்பதை விதிப்புத்தகங்களே கூட்டிக்கொண்டு வந்திருக்கின்றன.

முதலில் விலையைப் பார்ப்போம். தங்கள் மகன் கேட்கும் பெட்டி, இவ்விளையாட்டில் ‘ஸ்பேஸ் மரீன்’ எனப்படும் விண்வெளிப் படையின் இன்டர்செஸர் வகை வீரர்களுடையதாக இருக்கலாம். 2017-இல் அது வெளிவந்தபோது பத்து வீரர்களுக்கு 35 பவுண்டு. இடைப்பட்ட ஆண்டுகளில் பிரிட்டனில் பொதுவான விலைவாசி ஏறிய வேகத்தோடு ஒப்பிட்டால், அந்தப் பெட்டியின் விலை அதைவிட மெதுவாகவே ஏறியிருக்கிறது. ஒவ்வொரு புதிய விதிப்பதிப்போடும் வரும் பெரிய தொடக்கப் பெட்டிகளிலும் இதே நிலைதான். 2017-இல் வந்த ‘டார்க் இம்பீரியம்’ 53 உருவங்களோடு 95 பவுண்டு. 2020-இல் வந்த ‘இண்டாமிட்டஸ்’ 61 உருவங்களோடு 125 பவுண்டு. 2023-இல் வந்த ‘லெவியாதன்’ 72 உருவங்களோடு 150 பவுண்டு. வகுத்துப் பார்த்தால், ஓர் உருவத்தின் விலை ஏறத்தாழ 1.79 பவுண்டிலிருந்து 2.08 பவுண்டுக்கு வந்திருக்கிறது. அதாவது ஆறு ஆண்டுகளில் சுமார் 16 விழுக்காடு. அதே ஆறு ஆண்டுகளில் பிரிட்டனின் நுகர்வோர் விலைவாசி கால்பங்குக்கும் மேல் உயர்ந்தது. எனவே உருவத்துக்கு உருவம் கணக்கிட்டால், இதை வெளியிடும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனத்தை அதிகம் குறைகூற இடமில்லை. தனித்தனியாக விற்கப்படும் தலைவர் உருவங்கள் மட்டும் இதற்கு விலக்கு. ஒரே ஓர் உருவத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் கேட்பதை என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியவில்லை.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். இவ்விளையாட்டில் ஒவ்வொரு வீரனுக்கும் அவன் ஆற்றலுக்கேற்ப இத்தனை புள்ளி என்று வகுத்திருக்கிறார்கள். எதிரெதிரே அமரும் இருவரும் ஒரே மொத்தப் புள்ளிக்குள் தங்கள் படையை அமைத்துக்கொள்ள வேண்டும். 1993-இல் வந்த இரண்டாம் பதிப்பில் சாதாரண ஸ்பேஸ் மரீன் வீரன் ஒருவனுக்கு 30 புள்ளி. 1998-இல் வந்த மூன்றாம் பதிப்பு அதை 15 ஆக்கியது. வாங்குபவரின் பக்கத்திலிருந்து பாருங்கள்: 1,500 புள்ளிக்கு அத்தகைய வீரர்களை மட்டுமே நிறுத்துவதாக வைத்துக்கொண்டால், முன்பு 50 பேர் போதும், பிறகு 100 பேர் வேண்டும். பெட்டியின் விலை ஒரு காசு ஏறாமலேயே படையின் விலை இருமடங்காகிவிட்டது. இன்று சங்கங்களிலும் போட்டிகளிலும் வழக்கமான அளவு 2,000 புள்ளி என்பதால் அந்த எண்ணிக்கை மேலும் நீள்கிறது. இதே நிறுவனத்தின் பழைய ‘வார்ஹேமர் ஃபேண்டஸி’ விளையாட்டிலும் இதுதான் நடந்தது. 2010-இல் வந்த எட்டாம் பதிப்பு, பத்துப் பேர் அகலத்துக்கு நிறுத்தப்படும் பெருங்கூட்ட அணிகளுக்குத் தனிச்சலுகை தந்தது. ஓர் அணிக்கே 40, 50 உருவங்கள் தேவைப்பட்டதால், புதிதாக வர விரும்பிய இளைஞர்கள் வாசலிலேயே திரும்பினார்கள். 2015-இல் அந்த விளையாட்டு நிறுத்தப்பட்டதற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்றே நான் கருதுகிறேன்.

மூன்றாவதாக, விதிகளின் ஆயுள். எட்டாம் பதிப்பு 2017, ஒன்பதாம் பதிப்பு 2020, பத்தாம் பதிப்பு 2023 என்று மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புத்தகங்கள் மாறுகின்றன. ஒவ்வொரு முறையும் ‘கோடெக்ஸ்’ எனப்படும் படைநூலைப் புதிதாக வாங்க வேண்டியிருக்கிறது; சென்ற பதிப்பில் வலிமையாக இருந்த பிரிவு இந்தப் பதிப்பில் வலுவிழக்கிறது; சில பழைய உருவங்கள் போட்டிப் பட்டியலிலிருந்தே நீக்கப்படுகின்றன. நம் வீட்டுக் கொலுவில் பாட்டி காலத்து மரப்பாச்சிக்கும் ஒரு படி உண்டு. ஆண்டுக்கு ஒரு பொம்மை சேர்த்தாலும் பழையது எதுவும் தகுதி இழப்பதில்லை. இங்கே அந்த உறுதி கிடையாது என்பதுதான் சேகரிப்பவரை மிகவும் வாட்டுகிறது.

ஆகவே தங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். அடுத்த பெட்டியை வாங்குவதற்கு முன், மகன் யாருடன் விளையாடுகிறான், எந்த அளவில் விளையாடுகிறான் என்பதை அவனிடம் பொறுமையாகக் கேட்டறியுங்கள். பத்தாம் பதிப்பில் ‘காம்பாட் பேட்ரோல்’ என்ற சிறு வடிவம் இருக்கிறது. அதே பெயரில் விற்கும் ஒரே பெட்டிதான் முழுப்படை, அதற்குமேல் எதையும் சேர்க்க முடியாது, விதிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. பத்துப் பேர் அளவிலான குழுக்களோடு ஆடும் ‘கில் டீம்’ அதைவிடச் சிறியது. அவனும் நண்பர்களும் ஓராண்டுக்கு 1,000 புள்ளிக்கு மேல் போவதில்லை என்று தங்களுக்குள் பேசி முடிவுசெய்துகொண்டால், செலவு அன்றே பாதியாகும். பதின்ம வயதினருக்கு இது எளிதான பேச்சு அல்ல என்பதை அறிவேன். ஆனாலும் ஆண்டுக்கு இவ்வளவு தொகை என்று அவன் கையில் ஒப்படைத்து, எதை வாங்குவது என்பதை அவனே திட்டமிடச் சொன்னால், தாங்கள் மறுப்பதைவிட அது நல்ல பலன் தரும்.

கேள்வி: பிளாஸ்டிக் துண்டுக்கு இவ்வளவு விலையா? மூலப்பொருள் சில காசுகள்தானே பெறும்?
— மென்பொருள் பொறியாளர், கோயம்புத்தூர்

பதில்: மூலப்பொருள் மலிவுதான். செலவு அச்சில் இருக்கிறது. உருகிய பாலிஸ்டைரீனை உயர் அழுத்தத்தில் செலுத்தும் எஃகு அச்சுகளை வெட்டுவதற்குப் பெருந்தொகை வேண்டும். அந்த அச்சிலிருந்து பத்தாயிரம் பெட்டி விற்றால் ஒரு கணக்கு, ஆயிரம் பெட்டி விற்றால் வேறு கணக்கு. வார்ஹேமரை வெளியிடும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் தன் உருவங்களை இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரிலேயே வடிவமைத்து அங்கேயே வார்க்கிறது. வடிவமைப்பாளர், அச்சு, ஆலை, கடை எல்லாம் அதன் கையிலேயே இருக்கின்றன. பிரிட்டனில் இப்பெட்டிகளுக்கு 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரியும் உண்டு. 40 பவுண்டு கொடுத்தால் அதில் 6 பவுண்டு 67 பென்ஸ் அரசுக்குப் போகிறது. புத்தகங்களுக்கு அந்த வரி இல்லை.

இவையெல்லாம் உண்மையான செலவுகள்தான் என்றாலும், விலையை அவை மட்டுமே தீர்மானிக்கின்றன என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. 1975-இல் மூன்று நண்பர்கள் லண்டனில் தொடங்கிய இந்நிறுவனம், 1994-இல் லண்டன் பங்குச்சந்தைக்கு வந்து, 2024 டிசம்பரில் அந்நாட்டின் மிகப் பெரிய நூறு நிறுவனங்களின் குறியீடான எஃப்.டி.எஸ்.இ. 100-இல் இடம்பெற்றது. 2025 நடுப்பகுதியோடு முடிந்த நிதியாண்டில் அதன் வருவாய் 60 கோடி பவுண்டைத் தாண்டியது. வரிக்கு முந்தைய லாபம் 25 கோடி பவுண்டுக்கும் மேல். நூறு பவுண்டு வருவாயில் நாற்பதுக்கும் மேல் லாபமாக நிற்கிறது என்றால், அடக்கவிலை ஏறியதால்தான் விலையை ஏற்றினோம் என்ற விளக்கம் ஓரளவுக்குத்தான் பொருந்தும். மக்கள் கொடுக்க அணியமாக இருக்கும் அளவுக்கு விலை வைக்கப்படுகிறது. 2020 ஜூலையில் ‘இண்டாமிட்டஸ்’ பெட்டி முன்பதிவுக்கு வந்த சிறிது நேரத்திலேயே விற்றுத்தீர்ந்து, கிடைக்காதவர்களுக்காகப் பின்னர் தனியாகத் தயாரித்துத் தர வேண்டியிருந்தது. அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது விலையைக் குறைக்க எந்த வணிகரும் முன்வரமாட்டார். உருவங்களின் தரம் இன்று ஒப்பற்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரே துண்டாக வந்த வீரனின் முகத்தையும், இன்றைய வீரனின் முகத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

கேள்வி: 1990களில் இங்கிலாந்தில் படித்தபோது சேர்த்த ‘வார்ஹேமர் ஃபேண்டஸி’யின் ஆர்க் அரக்கர், ஸ்கேவன் எலிமனிதர் படைகள் இரண்டும் பெட்டியில் தூங்குகின்றன. பெரும்பாலும் உலோக உருவங்கள். இன்று அவற்றுக்குப் பயன் உண்டா, அல்லது எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டுமா?
— வாசகர், ஸ்கார்பரோ, கனடா

பதில்: ஒன்றையும் வாங்க வேண்டாம். 2024 ஜனவரியில் அந்தப் பழைய உலகம் ‘தி ஓல்ட் வேர்ல்ட்’ என்ற பெயரில், உருவங்கள் நிற்கும் சதுர அடித்தட்டுகளோடு மீண்டும் வந்திருக்கிறது. ஆர்க் படை, அது வெளிவந்தபோது முழு ஆதரவு பெற்ற ஒன்பது படைகளில் ஒன்று. ஸ்கேவன் படை அந்த ஒன்பதில் இல்லை. ஆயினும் அதற்கான பட்டியலை இலவசமாகவே வெளியிட்டிருக்கிறார்கள், நண்பர்களோடு விளையாட அது போதும். அடித்தட்டின் அளவு மாறியிருக்கிறது என்பதே சிக்கல்: ஆர்க் வீரனுக்கு முன்பு 25 மில்லிமீட்டர், இப்போது 30. அதற்காக நூறு உருவங்களைப் பெயர்த்தெடுத்து ஒட்டவேண்டியதில்லை. இடைவெளி விட்டு உருவங்களை நிறுத்தும் நகர்வுத் தட்டுகள் கிடைக்கின்றன. அட்டையில் தாங்களே வெட்டிக்கொள்ளவும் முடியும்.

இன்னொரு வழியும் உண்டு. நாட்டிங்காமிலேயே இயங்கும் மான்டிக் நிறுவனத்தின் ‘கிங்ஸ் ஆஃப் வார்’ விளையாட்டில் அணியின் நீள அகலம் மட்டுமே கணக்கு. அடிபட்டால் உருவங்களை ஒவ்வொன்றாக எடுப்பதில்லை. எனவே நாற்பது பேருக்கான இடத்தில் இருபத்தைந்து பேரை அழகாகப் பரப்பி நிறுத்தினாலும் விதிக்கு முரணாகாது. எந்த நிறுவனத்தின் உருவமாயினும் ஏற்றுக்கொள்கிறார்கள். விதியை இப்படி எழுதினால் படையின் விலை தானாகவே குறைகிறது. மற்றவர்களும் இதைப் பின்பற்ற வேண்டும் என்பது என் விருப்பம்.

ஒரு முன்னெச்சரிக்கை: 1990களின் பிற்பகுதிக்கு முன் வார்க்கப்பட்ட உலோக உருவங்கள் பலவற்றில் ஈயம் கலந்திருக்கும். சிறு குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். அரத்தால் தேய்க்கும்போது தூள் பறக்காமல் பார்த்துக்கொண்டு, பிறகு கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். மேற்பரப்பில் வெண்தூள் படிந்திருந்தால் அதைத் துடைக்கும் முன் கையுறை அணிவது நல்லது.

கேள்வி: இது எப்போதுமே பணக்காரர்களின் விளையாட்டுத்தானா?
— கல்லூரி மாணவர், மதுரை

பதில்: தொடக்கத்தில் அப்படித்தான். எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் இதற்கென்று விதிநூல் வெளியிட்டபோது, பிரிட்டன்ஸ் நிறுவனத்தின் ஈய வீரர்களை வாங்க வசதியும், அவர்களைப் பரப்ப இடமும் உள்ளவர்களுக்கே அது இயன்றது. அந்த வாசலைத் திறந்தது 1959 முதல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட சிறு பிளாஸ்டிக் வீரர்கள். ஒரு பெட்டிக்குள் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள். விலை சில ஷில்லிங்குகள். அடுத்த தலைமுறை பிரிட்டிஷ் போர்விளையாட்டுக்காரர்களில் பலர், பள்ளிச்சிறுவர்களாக அந்தப் பெட்டிகளில் தொடங்கியவர்களே. எனவே விலை ஏறுவதும் இறங்குவதும் பொருளின் தன்மையைப் பொறுத்த விதி அல்ல. யாரேனும் மலிவாகச் செய்ய முன்வரும்போதெல்லாம் இப்பொழுதுபோக்கு பரவியிருக்கிறது.

கேள்வி: எனக்கு அறிவியல் புனைவுப் படைகளைவிட வரலாற்றுப் போர்களில்தான் ஈடுபாடு. சென்னையில் இருந்துகொண்டு குறைந்த செலவில் எப்படித் தொடங்கலாம்?
— வங்கி ஊழியர், சென்னை

பதில்: வரலாற்றுப் பக்கம் தேர்ந்தெடுத்ததே தங்கள் செலவில் பெரும்பகுதியைக் குறைத்துவிட்டது. நெப்போலியனின் காலாட்படை எவருடைய தனியுரிமையும் அல்ல; யார் வேண்டுமானாலும் அதை வார்த்து விற்கலாம். அதனால் அங்கே போட்டி இருக்கிறது. பெர்ரி சகோதரர்கள், விக்ட்ரிக்ஸ், வார்லார்டு முதலிய பிரிட்டிஷ் நிறுவனங்களின் 28 மில்லிமீட்டர் உயர பிளாஸ்டிக் காலாட்படைப் பெட்டிகளில் ஓர் உருவம் ஒரு பவுண்டுக்கும் குறைவாகவே வருவதுண்டு. மேலே வார்ஹேமரில் தொடக்கப் பெட்டியிலேயே இரண்டு பவுண்டு என்று பார்த்தோம்.

உலோகத்தில் வாங்குவதானால் அளவைக் குறையுங்கள். உயரம் ஏறத்தாழ பாதியானால் கனஅளவு எட்டில் ஒரு பங்குக்கு அருகில் வந்துவிடும் என்பதால், 28 மில்லிமீட்டர் உருவத்துக்கு வேண்டிய உலோகத்தில் ஆறில் ஒரு பங்கே 15 மில்லிமீட்டர் உருவத்துக்குப் போதும். இவ்வுருவங்களை வார்க்கும் வெள்ளுலோகத்தில் பெரும்பகுதி வெள்ளீயம். 2020-இல் டன் 20,000 டாலருக்குக் கீழே இருந்த அதன் விலை 2022 தொடக்கத்தில் 40,000 டாலரைக் கடந்தபோது, உலோகத்தில் வார்க்கும் சிறு பட்டறைகள் எல்லாம் திணறின. சிறிய அளவில் சேர்ப்பவரை அந்த ஏற்றம் குறைவாகவே தாக்கும். 6 மில்லிமீட்டரில் இறங்கினால் ஒரு முழுப் படையே உள்ளங்கைப் பெட்டியில் அடங்கும்.

விதிநூலில், 1990-இல் பில் பார்க்கரும் அவர் குழுவினரும் வெளியிட்ட ‘டி.பி.ஏ.’ முறையைப் பார்க்குமாறு பரிந்துரைக்கிறேன். பண்டைய, இடைக்காலப் போர்களுக்கான அம்முறையில் எந்த நாட்டுப் படையும் பன்னிரண்டு தட்டுகள்தான். தட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு உருவங்கள். சுமார் நாற்பது உருவங்களில் ஒரு படை நிறைவுபெறுகிறது. ஒரு மணி நேரத்தில் ஆட்டமும் முடிகிறது. எதிராளி கிடைப்பது சென்னையில் அரிதாக இருக்கும் என்பதால், எதிரெதிர்ப் படைகள் இரண்டையும் தாங்களே சேர்த்துவிடுங்கள். அப்போதும் ஒரு வார்ஹேமர் படையின் செலவில் சிறு பங்குதான் ஆகும். இறக்குமதி வரியை மட்டும் முன்கூட்டியே கணக்கில் கொள்ளுங்கள். பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரியை இந்திய அரசு 2020-இல் 20-இலிருந்து 60 விழுக்காடாகவும், 2023-இல் 70 விழுக்காடாகவும் உயர்த்தியது. பொட்டலத்தைச் சுங்க அதிகாரி பொம்மை என்று வகைப்படுத்தினால், அஞ்சல் கட்டணத்தையும் சேர்த்து, வாங்கிய விலை ஏறக்குறைய இரட்டிப்பாகலாம்.

கேள்வி: முப்பரிமாண அச்சுப்பொறி வாங்கிவிட்டால் இந்தச் சிக்கலே தீர்ந்துவிடும் என்கிறார்களே?
— வாசகர், குரோய்டன், லண்டன்

பதில்: ஓரளவு தீரும். திரவப் பிசினை ஒளியால் இறுகச்செய்யும் சிறு அச்சுப்பொறிகள் இன்று சில வார்ஹேமர் பெட்டிகளின் விலைக்கே கிடைக்கின்றன. உருவத்துக்குச் செலவாகும் பிசின் சில பென்ஸ்களே பெறும். ஆனால் இறுகாத பிசின் தோலுக்கும் மூச்சுக்கும் தீங்கானது. நைட்ரில் கையுறையும் காற்றோட்டமுள்ள தனி இடமும் கட்டாயம். படுக்கையறையில் வைத்து இயக்குவதை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். கழுவுவதற்கான ஆல்கஹால், தோல்வியடையும் அச்சுகள், கற்றுக்கொள்ளச் செலவாகும் மாதங்கள் ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உரிமை பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சுயேச்சையான சிற்பிகள் பலர் தங்கள் சொந்த வடிவங்களைக் கோப்புகளாக விற்கிறார்கள். அவற்றை வாங்கி அச்சிடுவது நேர்மையான வழி, பணமும் படைப்பாளிக்கே போய்ச் சேர்கிறது. மற்றொரு நிறுவனத்தின் உருவத்தை வருடி (ஸ்கேன் செய்து) படியெடுப்பது அவ்வாறல்ல. விலை அதிகம் என்ற மனக்குறை, பிறர் உழைப்பை எடுத்துக்கொள்ளும் உரிமையைத் தந்துவிடாது. கேம்ஸ் வொர்க்‌ஷாப் தன் போட்டிகளில் அச்சிட்ட உருவங்களை ஏற்பதில்லை. ஆனால் ‘ஒன் பேஜ் ரூல்ஸ்’ போன்ற விதிகள் எந்த உருவத்தையும் ஏற்கின்றன. அடிப்படை விதிகளும் இலவசம்.

கேள்வி: பழைய உருவங்களை விலைக்கு வாங்குவது நல்லதா? வண்ணங்களுக்கே தனியாக ஒரு தொகை ஆகிறதே?
— ஆசிரியை, பர்மிங்ஹாம்

பதில்: என் மதிப்பீட்டில் இதைவிடச் சிறந்த வழி இல்லை. பதிப்பு மாறும்போதெல்லாம் பலர் படைகளை விற்கிறார்கள். அந்த மாதங்களில் காத்திருந்து வாங்குங்கள். போர்விளையாட்டுக் கூடுகைகளில் விளையாடுபவர்கள் தாங்கள் வைத்திருப்பதைக் கொண்டுவந்து விற்கும் மேசைகளைத் தேடிச் செல்லுங்கள். தடிப்பாக வண்ணம் பூசியதைக் கண்டு தயங்க வேண்டாம். பிளாஸ்டிக் உருவத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்தால் அக்ரிலிக் வண்ணம் பெரும்பாலும் வந்துவிடும். அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கியை மட்டும் தொடாதீர்கள். அது பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். உடைந்த வாள், காணாமற்போன கை ஆகியவற்றைவிட, தாறுமாறாகப் பசை வழிந்து முகம் மூடிய உருவங்களைத்தான் தவிர்க்க வேண்டும்.

வண்ணத்தில் குப்பியின் விலையைப் பார்க்காமல் அளவைப் பாருங்கள். கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் சிட்டாடல் வண்ணக் குப்பிகளில் பெரும்பாலானவை 12 மில்லிலிட்டர். வாயேஹோ நிறுவனத்தின் குப்பி 17 அல்லது 18 மில்லிலிட்டர், சொட்டு மூக்கு இருப்பதால் உலர்ந்தும் வீணாகாது. எட்டு வண்ணங்களும் இரண்டு தூரிகைகளும் பிரைமர் எனும் அடிப்பூச்சும் இருந்தால் ஒரு படையை முடிக்கலாம். அடுத்த படைக்கு அவற்றில் பாதி மிஞ்சியிருக்கும்.